செவிக்குள் ஒரு சல்லடை: காக்ளியர் கருவியும் நம் தமிழ் வகுப்பறையும்



காதுக்குப் பின்னால் ஒரு கருவி, அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி, தலைமுடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டப் பொத்தான். இப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்புக்கு வந்தால் என்ன தோன்றும்? "ஹியரிங் எய்டு போட்டிருக்கு, கொஞ்சம் சத்தமா பேசுனா போதும்" என்றுதான் பலரும் நினைப்போம். சாதாரண செவிக்கருவி ஒலியைப் பெரிதாக்கித் தரும். இந்தக் கருவி செய்வது வேறு. ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து, மின்துடிப்பாக மாற்றி, நேராகச் செவி நரம்புக்கே அனுப்புகிறது. பெயர் காக்ளியர் இம்ப்ளாண்ட். மலாயில் இம்ப்லான் கொக்லியா.

இந்தக் கட்டுரை அந்தக் கருவியின் ஓர் உறுப்பைப் பற்றியது: ஒலியைப் பிரிக்கும் வடிகட்டி, அதாவது ஃபில்டர். அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளை எவ்வளவு நேரம் கேட்கும், பேட்டரி தோலுக்கு அடியில் இருந்தால் அதற்காக எத்தனை முறை மறுபடியும் அறுவை மேசைக்குப் போகும் என்பதெல்லாம் அமையும். அது எப்படிப் பிரிக்கிறது என்பதைப் பொறுத்து, நாம் சொல்லிக்கொடுக்கும் ல, ள, ழ பிள்ளையின் மூளைக்குப் போய்ச் சேருவது அமையும். ஆகவே இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய விஷயம் இல்லீங்க. நமக்கும் பங்கு இருக்கு.

மின்னியல் படிக்காதவர்களும் தயங்காமல் வாசிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

காது எப்படிப் பிரிக்கிறது?

பழைய தோட்ட லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டில் பாட்டு ஓடினால் சுவர் தாண்டி 'டும் டும்' என்று தாளம் மட்டும் வரும். பாட்டின் சொற்கள் வராது. சுவர் ஒரு வடிகட்டி. தாழ்ந்த அதிர்வெண்களை விட்டுவிட்டு உயர்ந்தவற்றைத் தடுத்துவிடுகிறது. பேச்சின் சொற்களைப் பிரித்துக் காட்டும் தகவலில் பெரும்பகுதி அந்த உயர்ந்த பகுதியில்தான் இருக்கிறது.

நம் காதுக்குள் இதைவிட நுட்பமான ஏற்பாடு உண்டு. உள்காதில் நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்று சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதுதான் காக்ளியா, செவிநத்தை. விரித்தால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். வாயிலருகே உள்ள பகுதி கீச்சென்ற உயர் ஒலிக்கு அதிரும். உள்முனை தாழ்ந்த ஒலிக்கு அதிரும். எந்த இடம் அதிர்கிறதோ, அந்த இடத்து நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும். இதைக் கண்டறிந்ததற்காக கேயோர்க் ஃபோன் பெக்கேசிக்கு 1961-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கெடாவை நாட்டின் நெற்களஞ்சியம் என்கிறோம். அரிசி ஆலையில் முழு அரிசி, உடைந்த அரிசி, குருணை, நொய் என்று சல்லடை வைத்துப் பிரிக்கிறார்கள் அல்லவா? செவிநத்தை ஒலிக்கு அதைத்தான் செய்கிறது. அங்குள்ள முடி அணுக்கள் பிறவியிலோ நோயிலோ அழிந்துவிட்டால் சல்லடையும் வேலை செய்யாது, நரம்புக்குத் தூண்டுதலும் போகாது. அந்த நிலையில் ஒலியை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயன் குறைவு.

கருவி என்ன செய்கிறது?

பாரிஸில் 1957-ல் ஜூர்னோ, எய்ரியே என்ற இருவர் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஒலி உணர்வு வருவதைக் காட்டினார்கள். 1961-ல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் ஒற்றை மின்முனைக் கருவியைப் பொருத்தினார். பல மின்முனைகள் கொண்ட கருவியை 1978-ல் மெல்பர்னில் கிரேயம் கிளார்க் பொருத்தினார். அதே காலத்தில் வியன்னாவில் ஹொக்மையர் தம்பதியர் தங்கள் கருவியை உருவாக்கினார்கள். மலேசியாவில் தேசியப் பல்கலைக்கழகமான யூ.கே.எம். 1995-ல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது.

கருவியின் பயணம் இப்படி. வெளியே உள்ள மைக் ஒலியை வாங்குகிறது. வடிகட்டிகள் அதை 8, 16, 22 என்று பட்டைகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு பட்டையிலும் இந்த நொடி எவ்வளவு சக்தி இருக்கிறது என்று அளக்கப்படுகிறது. அந்த அளவுகள் தலையிலுள்ள பொத்தான் வழியாகத் தோலைத் தாண்டி உள்ளே போகின்றன. செவிநத்தைக்குள் செருகப்பட்ட நுண்கம்பியில் பட்டைக்கு ஒரு மின்முனை. உயர் ஒலிப் பட்டை வாயிலருகே உள்ள முனைக்கும், தாழ்ந்த பட்டை உள்ளே உள்ள முனைக்கும் போகும். எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் துடித்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாகத் துடிக்க வைக்கும் முறையை பிளேக் வில்சன் குழுவினர் 1991-ல் வெளியிட்டார்கள். இன்றைய கருவிகளின் அடிப்படை அதுதான். கிளார்க், இங்கெபோர்க் ஹொக்மையர், வில்சன் மூவருக்கும் 2013-ல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

சல்லடை எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும்? 1995-ல் சயன்ஸ் ஆய்விதழில் ஷானன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று வியப்பானது. பேச்சை வெறும் நான்கு பட்டைகளாகச் சுருக்கிக் கொடுத்தும், அமைதியான இடத்தில் கேட்டவர்கள் அதில் பெரும்பகுதியைப் புரிந்துகொண்டார்கள். 'அமைதியான இடத்தில்' என்பதைக் கவனியுங்கள். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

வடிகட்டியின் கணக்கு

மிக எளிய வடிகட்டிக்கு இரண்டே பொருள்: ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி. அதாவது ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும். சூத்திரம் இது:

வெட்டு அதிர்வெண் = 1 ÷ (2 × 3.14 × மின்தடை × மின்தேக்கம்)

கடையில் கிடைக்கும் 10 கிலோ ஓம் மின்தடையையும் 10 நானோஃபாரட் மின்தேக்கியையும் எடுத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 1,600 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழுள்ள ஒலி கடந்துபோகும். மேலே போகப் போகக் குறையும். லயத்துச் சுவர் செய்த அதே வேலை. மேலே வெட்டும் ஒன்றையும் கீழே வெட்டும் ஒன்றையும் சேர்த்தால் நடுவிலுள்ள ஒரு பட்டை மட்டும் கடக்கும். அப்படி 16 செய்தால் 16 அடுக்குச் சல்லடை தயார்.

ஏன் இப்படி வெட்டுகிறது? தோட்டத்து மொழியில் சொன்னால், மின்தேக்கி என்பது பால் மரத்தில் கட்டிய மங்கு. மின்னோட்டம் என்பது அதில் சொட்டும் பால். மங்கு நிரம்ப நேரம் ஆகும். மெதுவாக மாறும் ஒலிக்கு மங்கு நிரம்பி வடிய நேரம் கிடைக்கும்; அது கடந்துவிடும். வேகமாக மாறும் ஒலிக்கு நிரம்புவதற்குள்ளேயே வடிந்துவிடும், அது அடங்கிவிடும். மங்கு எவ்வளவு பெரிது, சொட்டு எவ்வளவு வேகம் என்ற இரண்டும்தான் வெட்டு அதிர்வெண்ணை முடிவு செய்கின்றன.

சில்லுக்குள் வரும் சிக்கல்

காதுக்குள் வைக்கும் சுற்றை ஒரு சிறு சிலிக்கன் சில்லில் அடக்க வேண்டும். சில்லில் பெரிய மங்கு வைக்க இடமில்லை. ஒரு சதுர மைக்ரோமீட்டரில் பொதுவாக ஒரு ஃபெம்டோஃபாரட் அளவுதான் கிடைக்கும். 10 நானோஃபாரட் வேண்டுமென்றால் 10 சதுர மில்லிமீட்டர் போய்விடும், அதுவும் ஒரே ஒரு மின்தேக்கிக்கு! ஆகவே ஆயிரத்தில் ஒரு பங்காக, 10 பிக்கோஃபாரட் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. இப்போது 100 ஹெர்ட்ஸில் வெட்ட வேண்டுமென்றால் எவ்வளவு மின்தடை வேண்டும்? சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 159 மெகா ஓம். அதாவது 15.9 கோடி ஓம். அவ்வளவு பெரிய மின்தடையைச் சில்லில் வைப்பது நடக்கிற காரியம் இல்லை.

மங்கு சின்னதாகிவிட்டால் என்ன செய்வோம்? சொட்டைக் குறைப்போம். டிரான்சிஸ்டரை முழுக்கத் திறக்காமல், திறக்கும் நிலைக்குச் சற்றுக் கீழேயே வைத்தால் அதில் மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். கணினிச் சுற்றில் தொல்லையாக எண்ணப்படும் இந்தக் கசிவுதான் இங்கே கைகொடுக்கிறது. அந்த நிலையில் வேலை செய்யும் சிறு சுற்று ஒன்று பெரிய மின்தடையின் வேலையைச் செய்துவிடும். நம் கணக்கில் 100 ஹெர்ட்ஸுக்கு அதற்கு வேண்டிய மின்னோட்டம் ஏறத்தாழ அரை நானோ ஆம்பியர். ஒப்பிட்டுப் பாருங்க: சாதாரண எல்.இ.டி. விளக்கு ஒன்று 10 மில்லி ஆம்பியர் எடுத்தால், அது இந்தச் சொட்டைப்போல் 2 கோடி மடங்கு.

இன்னொரு நன்மையும் உண்டு. 5,000 ஹெர்ட்ஸ் பட்டை வேண்டுமா? மங்கை மாற்ற வேண்டாம். சொட்டை 50 மடங்காக்கி 25 நானோ ஆம்பியர் கொடுத்தால் போதும். ஒரே வரைபடத்தைப் பதினாறு முறை படியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மின்னோட்டம் கொடுத்தால் பதினாறு பட்டைகள் கிடைக்கும். பிள்ளைக்குப் பிள்ளை அளவை மாற்றவும் முடியும்.

ஆனால் எதுவும் சும்மா வராது. சிறிய மங்கில் ஒரு துளி விழுந்தாலும் பால்மட்டம் ஆடும். பெரிய வாளியில் அது தெரியாது. அதுபோல வெப்பத்தால் எலக்ட்ரான்கள் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. 10 பிக்கோஃபாரட் மின்தேக்கியில் அந்த ஆட்டம் ஏறத்தாழ 20 மைக்ரோவோல்ட். அதைவிடச் சிறிய குறிப்பு வந்தால் இரைச்சலில் மூழ்கிவிடும். இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமென்றால் மின்தேக்கி நான்கு மடங்காக வேண்டும். அதே வேகத்தில் நிரப்ப மின்னோட்டமும் நான்கு மடங்காக வேண்டும். மெல்லிய ஒலியும் கேட்க வேண்டும், மின்சாரமும் மிச்சமாக வேண்டும் என்ற இழுபறியில்தான் வடிவமைப்பாளரின் வேலையே இருக்கிறது.

பேட்டரிக் கணக்கு

இந்த வழியை அழுத்தமாக நிரூபித்தவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியினரான ராகுல் சர்பேஷ்கர். எம்.ஐ.டி.யில் அவருடைய குழு 2005-ல் ஒரு முழு அனலாக் செவிச் செயலியை வெளியிட்டது. 16 பட்டைகள், 2.8 வோல்ட் மின்னழுத்தம், மொத்தச் செலவு 211 மைக்ரோவாட். அதில் ஏறக்குறைய பாதி மைக்குக்கும் அதை ஒட்டிய முன்சுற்றுக்குமே போய்விடுகிறது. அன்றைய டிஜிட்டல் வடிவமைப்புகளைவிட இது 25 மடங்கு குறைவு என்று அந்தக் குழு கணக்கிட்டது.

25 மடங்கு என்றால் நடைமுறையில் என்ன? ஆறாம் ஆண்டு மாணவரே போடக்கூடிய கணக்கு இது.

211 மைக்ரோவாட்டை 2.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 75 மைக்ரோ ஆம்பியர். தோலுக்கு அடியில் 100 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வைத்தால் சுமார் 1,330 மணி நேரம் வரும். அதாவது 55 நாள். 25 மடங்கு அதிகம் தின்னும் சுற்று என்றால் அதே பேட்டரி 53 மணி நேரம்தான், இரண்டு நாளுக்குச் சற்று மேல்.

இப்போது அந்தப் பேட்டரியை ஆயிரம் முறை சார்ஜ் செய்யலாம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் ஏறத்தாழ ஆறு ஆண்டில் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிடும். இரண்டு வயதில் கருவி வைத்த பிள்ளைக்கு எட்டு வயதில் மறுபடியும் அறுவை, பதினான்கில் மறுபடியும், இருபதில் மறுபடியும். 55 நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் ஆயிரம் முறை முடிய 150 ஆண்டு ஆகும். வேறு காரணத்தால் பேட்டரி பழுதடையலாமே தவிர, சார்ஜ் கணக்கால் அறுவை வராது. நரம்பைத் தூண்டும் மின்சாரத்தையும் சேர்த்தால் இந்த எண்கள் குறையும். ஆனாலும் படம் மாறாது: மைக்ரோவாட்டில் மிச்சப்படுத்துவது பிள்ளையின் உடலில் கத்தி படும் எண்ணிக்கையைக் குறைக்கிறது. இவ்வளவு சிறிய எண்ணுக்கு ஏன் இத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று கேட்கும் மாணவருக்கு இதுவே பதில்.

அனலாக்கா, டிஜிட்டலா?

அப்படியானால் இன்று எல்லாக் கருவியும் அனலாக்தானா என்றால், இல்லை. டிரான்சிஸ்டர் சிறுத்துக்கொண்டே வந்ததால் டிஜிட்டல் சுற்றின் செலவும் இறங்கியது. புதிய நிரல் ஏற்றுவதும் அதில் எளிது. இன்று விற்கும் காக்ளியர் கருவிகளில் பட்டை பிரிப்பது டிஜிட்டல் முறைதான். அங்கேகூட மைக்கிலிருந்து வரும் முதல் குறிப்பைப் பெருக்கி, வடித்து, எண்ணாக மாற்றும் முன்வாசல் அனலாக்தான். நாம் பார்த்த மங்கும் சொட்டும் அங்கே இருக்கத்தான் செய்கின்றன.

இரண்டையும் கலந்து முழுக்க உள்ளே வைக்கும் கருவியை நோக்கிப் போனவர்களில் சென்னையில் பிறந்த ஆனந்த சந்திரகாசனும் ஒருவர். எம்.ஐ.டி.யில் அவருடைய குழுவும் பாஸ்டன் காது மருத்துவர்களும் சேர்ந்து 2014-ல் காட்டிய சில்லு, நடுக்காது எலும்பின் அதிர்வையே மைக்காகப் பயன்படுத்துகிறது. வெளியே எதுவும் தெரியாது. 8 பட்டை நிலையில், நரம்பைத் தூண்டும் மின்சாரத்தையும் சேர்த்து 572 மைக்ரோவாட். அது ஓர் ஆய்வு மாதிரி, கடையில் கிடைப்பதல்ல.

நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. அந்தச் சில்லு 0.18 மைக்ரோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. உலகத்தின் மிகப் புதிய ஆலை அதற்குத் தேவைப்படவில்லை. 1996-ல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் உள்ள சில்டெர்ரா ஆலை அதே தலைமுறைத் தொழில்நுட்பத்தில் சில்லு செய்யும் ஆலை. பாடாங் செராய், லூனாஸ் பக்கத்திலிருந்து நம் பிள்ளைகளின் அண்ணன், அக்கா, அப்பா, அம்மா எத்தனையோ பேர் அந்தப் பூங்காவுக்கு வேலைக்குப் போகிறார்கள். செய்யும் கை நம் ஊரிலேயே இருக்கிறது. வரைபடம் போடும் கையும் நம் வகுப்பிலிருந்து போகலாமே!

தமிழ் எழுத்துகள் சல்லடை வழியே

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். பரவலாகப் பயன்படும் 22 மின்முனைக் கருவி ஒன்று ஏறத்தாழ 190 முதல் 7,900 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை 22 பட்டைகளாகப் பிரிக்கிறது. அதன் வழியே நம் எழுத்துகள் எப்படிப் போகின்றன?

குறில், நெடில்: படு, பாடு, கல், கால். இந்த வேறுபாடு நேர அளவில் இருக்கிறது. கருவி நேரத்தை நன்றாகக் கடத்தும். பட்டம், படம் என்ற ஒற்று வேறுபாடும் அப்படியே. கருவி போட்ட பிள்ளைக்குப் பயிற்சியை இங்கிருந்து தொடங்குங்கள். வெற்றி சீக்கிரம் வரும். பிள்ளைக்கு நம்பிக்கையும் வரும்.

இ, உ: இரண்டுக்கும் 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓர் ஓங்கல் பொதுவாக இருக்கிறது. வேறுபடுத்துவது இரண்டாவது ஓங்கல்: இகரத்தில் அது 2,000-க்கு மேல், உகரத்தில் 1,000-க்குக் கீழே. உயர் பட்டைகளில் ஏதாவது சரியாக வேலை செய்யாவிட்டால் இகரம் உகரம்போல் கேட்கும். நேற்று வரை சரியாகச் சொன்ன பிள்ளை இன்று திடீரென்று கிளி, குளி இரண்டையும் குழப்பினால் "கவனமில்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். கருவியைப் பார்க்கச் சொல்லிப் பெற்றோரிடம் தெரிவியுங்கள்.

ல, ள, ழ: வேறுபாட்டின் பெரும்பகுதி 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் நடக்கிறது. அந்த இடத்துக்குக் கருவியில் கிடைப்பது ஐந்தாறு பட்டைகள்தான். ஒவ்வொன்றும் 250 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ அகலம். நம் காதுக்குத் தெளிவாகத் தெரியும் நகர்வு அங்கே ஒரே பட்டைக்குள் மறைந்துவிடலாம். காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளே ழகரத்தில் தடுமாறும்போது, இந்தப் பிள்ளையைக் காதை மட்டும் நம்பச் சொல்வது நியாயமில்லை. நாக்கு எங்கே போகிறது என்று காட்டுங்கள், கண்ணாடி வையுங்கள், எழுத்தட்டையையும் சேர்த்துக் காட்டுங்கள். சொல்வதெழுதுதலில் 'பழம்' 'பளம்' ஆனால், வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

ச, ஸ: இவற்றின் உரசல் ஒலி 4,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் பரவியிருக்கிறது. கருவியில் அதற்குத் தனிப் பட்டைகள் உண்டு என்பதால் பெரும்பாலும் நன்றாகவே கேட்கும். சாதாரண செவிக்கருவியில் இதுவே கடினமாக இருப்பதுண்டு. ஆகவே இரண்டு கருவி போட்ட இரண்டு பிள்ளைகளை ஒரே அளவுகோலில் அளக்கக் கூடாது.

பாட்டு: ஸ என்பதை 240 ஹெர்ட்ஸில் பாடினால் ரி 270-ல் வரும். கருவியின் முதல் பட்டை ஏறத்தாழ 190 முதல் 310 வரை. இரண்டு சுரத்தின் அடிப்படை ஒலியும் ஒரே சல்லடையில் விழுகின்றன! அதனால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு ராகம் பிடிபடுவது கடினம். தாளம் எளிதாகப் பிடிபடும். செய்யுளைக் கைதட்டித் தாளத்தோடு சொல்லிக்கொடுத்தால் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ளும். ராகம் தப்புகிறது என்று பாட்டுக் குழுவிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

வகுப்பில் நாம் செய்யக்கூடியவை

1. காலையில் ஒரு நிமிடச் சோதனை. வாயை மறைத்துக்கொண்டு ம, உ, ஆ, இ, ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லிப் பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தாழ்ந்த பட்டையிலிருந்து உயர்ந்த பட்டை வரை சல்லடை முழுவதையும் இது தொட்டுவிடும். எந்த ஒலி விடுபடுகிறதோ அதைக் குறித்து வைத்துப் பெற்றோரிடம் கொடுங்கள்.

2. பேட்டரி. வெளிக்கருவி தோலைத் தாண்டி மின்சாரம் அனுப்ப வேண்டியிருப்பதால் செலவு அதிகம். பேட்டரி தீர்ந்தால் கருவி கொஞ்சம் கொஞ்சமாக மங்காது, பட்டென்று நின்றுவிடும். பிள்ளைக்கு முழு அமைதி. சின்னப் பிள்ளைகள் அதைச் சொல்லத் தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். மாற்றுப் பேட்டரி ஒன்று வகுப்பில் இருக்கட்டும். மாற்றும் முறையைப் பெற்றோரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

3. இரைச்சல். நான்கு பட்டையில் பேச்சு புரிந்தது அமைதியான இடத்தில் என்று பார்த்தோம். மின்விசிறி, நாற்காலி இழுக்கும் சத்தம், பக்கத்து வகுப்பு எல்லாம் ஒரே சல்லடையில்தான் விழும். கருவியால் பிரிக்க முடியாது. சத்தமாகக் கத்துவதைவிடப் பக்கத்தில் போவது நல்லது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். நான்கு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு வந்தால் 12 டெசிபல். கழுத்தில் மாட்டும் கம்பியில்லா மைக் கொடுத்திருந்தால் கூச்சப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

4. வியர்வை, மழை, நிலைமின். உடற்கல்வி முடிந்ததும் கருவியைத் துடைக்கச் சொல்லுங்கள். இரவில் உலர் பெட்டியில் வைக்கச் சொல்லிப் பெற்றோருக்கு நினைவூட்டுங்கள். பிளாஸ்டிக் சறுக்குமரம் விளையாடும் முன் வெளிப்பகுதியைக் கழற்றி வைப்பது நல்லது.

5. பலகையில் எழுதிக்கொண்டே பேச வேண்டாம். எழுதி முடித்து, திரும்பி, முகம் பார்த்துப் பேசுங்கள். பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. இதுவே பாதி உதவி.

எந்த மொழி?

பெற்றோர் கேட்கும் கடினமான கேள்வி இதுதான்: "டீச்சர், காது கேக்காத பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி சரிவருமா? மலாயோ இங்கிலீஷோ ஒண்ணே போதும்னு சொல்றாங்களே?"

கருவி எந்த மொழியையும் சார்ந்ததல்ல. சல்லடைக்குத் தமிழ் என்றும் மலாய் என்றும் தெரியாது. தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது. அவர்களில் பலர் தமிழிலேயே கேட்கவும் பேசவும் பழகுகிறார்கள். பிள்ளைக்கு வேண்டியது நாள் முழுவதும் வளமாகக் காதில் விழும் ஒரு மொழி. வீட்டில் அம்மாவும் பாட்டியும் சரளமாகப் பேசுவது தமிழ் என்றால், அதை நிறுத்திவிட்டுத் தடுமாறும் மொழியில் பேசுவதால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சின் அளவுதான் குறையும். முடிவு பெற்றோருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் உரியது. ஆனால் இந்த விளக்கத்தைத் தரும் கடமை நமக்கு உண்டு. சைகை மொழியைத் தேர்ந்த குடும்பங்களையும் மதிப்போம். பினாங்கில் 1954-ல் காது கேளாதோருக்கான பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து அதற்கும் நம் நாட்டில் நீண்ட மரபு உண்டு.

ஐயம் எழுந்தால் தாமதிக்க வேண்டாம். கெடாவில் அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையிலும் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையிலும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் முதல் சில ஆண்டுகள் திரும்பி வராதவை. பாலர் பள்ளி ஆசிரியர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் நடவடிக்கை (ஆண்டு 5, 6)

தேவை: கைப்பேசி, தலையணை, தாள்.

1. 'கிளி, குளி, படம், பட்டம், பழம், பலம், சங்கு, பங்கு' என்ற சொற்களை ஆசிரியர் கைப்பேசியில் பதிவு செய்க.

2. கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்து ஒலிக்க விடுக. மாணவர் கேட்டதை எழுதுக.

3. தலையணை இல்லாமல் மறுபடியும் ஒலிக்க விடுக. எந்தச் சொற்கள் தப்பின, எவை தப்பவில்லை என்று பட்டியலிடுக. தலையணை எந்த அதிர்வெண்களைத் தடுத்தது என்று குழுவில் பேசுக.

4. பேட்டரிக் கணக்கு: 100 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, 2.8 வோல்ட், 572 மைக்ரோவாட் சுற்று. எத்தனை நாள் வரும்? (விடை: ஏறத்தாழ 20 நாள்.)

5. சிந்தனை வினா: மின்சாரத்தைக் குறைத்தால் இரைச்சல் கூடும். நீங்கள் வடிவமைப்பாளராக இருந்தால் எதை விட்டுக்கொடுப்பீர்கள்? ஏன்?

இரண்டாம் படியில் தப்பாக எழுதிய தாள்களைக் கிழித்துப் போடாமல் வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். கருவி போட்ட நண்பனின் சொல்வதெழுதுதல் ஏடு ஏன் அப்படி இருக்கிறது என்பதை மற்ற பிள்ளைகளுக்கு அந்தத் தாள்களே சொல்லிவிடும்.